சிங்கிள் டிக் பாடம்

ராயபுரம்னாலே 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ஸ்டேஷனைப் பத்தித்தான் எல்லாரும் எழுதுவாங்க. நான் ஸ்டேஷன் பக்கம் போகப் போறதில்லை. அதே ராயபுரத்துல ஒரு போன் எப்படி வகுப்பறை ஆச்சு, அதுல நான் என்னென்ன தப்பு பண்ணேன், இப்போ எப்படி நடத்துறோம் என்பதுதான் இந்தக் கட்டுரை. காரணம் இருக்கு. நான் ஃபைனல் இயர். ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்காக நாங்க நடத்துற எம்-1 குரூப்பை (அதாங்க, மேட்ரிக்ஸும் கால்குலஸும்) இனிமே நடத்தப் போறது நீங்கதான். அதனால இதை ஒரு பாடமாவே படிங்க. எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம் படிச்சவன் நான். ஒற்று எங்கயாவது காணாமப் போயிருந்தா எடிட்டரைத் திட்டுங்க.

2020 மார்ச்சில் ஸ்கூலை மூடினப்போ நான் பத்தாவது. பொதுத்தேர்வு தள்ளித் தள்ளிப் போய் ஜூன் மாசம் ரத்தே ஆயிடுச்சு. காலாண்டு, அரையாண்டு மார்க்குக்கு 80 சதவீதம், அட்டெண்டன்ஸுக்கு 20 சதவீதம், எல்லாரும் பாஸ். அந்த மே மாசம் சென்னை மாநகராட்சி மண்டலங்களிலேயே கொரோனா எண்ணிக்கையில் எங்க ராயபுரம்தான் முதலிடம். தெருவுக்குத் தெரு தகரம் அடிச்சு மூடியிருந்தாங்க. பதினொண்ணாவது ஆரம்பிச்சதே ஆன்லைன்லதான்.

என் வகுப்பில் காசிமேட்டு நண்பன் ஒருத்தன் இருந்தான். அவன் வீட்டில் ஒரே ஒரு ஆண்ட்ராய்டு போன். அது அவங்க அப்பாவோடது. அப்பா லாஞ்சுல தொழிலுக்குப் போறவர். போனா ஒரு வாரம், சில சமயம் பத்து நாள். போனும் அவர் கூடவே போயிடும். கரை மறைஞ்ச கொஞ்ச நேரத்துல டவரும் போயிடும். காலையில் பத்து மணிக்கு நாங்க எல்லாரும் மீட்டிங்கில் உட்காரும்போது அவன் வகுப்பு வங்கக் கடலில் எங்கயோ மிதந்துகிட்டு இருக்கும்.

சாயங்காலம் ஆனா நான் என் நோட்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அவனுக்கு அனுப்புவேன். கூடவே நாலஞ்சு வாய்ஸ் நோட். எல்லாம் சிங்கிள் டிக்கிலேயே நிக்கும். ஒரு நாள், ரெண்டு நாள், அஞ்சு நாள். அப்புறம் ஒரு நாள் காலையில எழுந்து பார்த்தா மொத்தமும் டபுள் டிக் ஆகியிருக்கும். விடியற்காலை ஏலத்துக்குப் படகு திரும்பும்போது ராத்திரி ரெண்டு மணி வாக்கில் டவர் கிடைச்சிருக்கும். லாஞ்சு வந்துடுச்சுன்னு சில நாள் அவன் அம்மாவுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்.

அப்பா கரையில் இருக்கிற ஒண்ணு ரெண்டு நாளில் ஒரு வாரப் பாடத்தையும் அவன் கேட்டு எழுதி முடிக்கணும். முடிச்சான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் வருதே, அந்த 61 நாளும் வீட்டில் வருமானம் இருக்காது, ஆனா போன் இருக்கும். அந்த வருஷம் தடைக்காலத்துக்காகக் காத்திருந்த ஒரே மீனவர் வீட்டுப் பையன் அவனாத்தான் இருப்பான்.

இப்போ நான் சொல்ல வந்த விஷயம். ஒரு தடவை வகைக்கெழு கணக்கு ஒண்ணு அனுப்பினேன். காஸ் எக்ஸ் ஸ்கொயரை டிஃபரன்ஷியேட் பண்ணணும். அதே போட்டோவை கிளாஸ் குரூப்பிலும் போட்டேன். நாற்பது பேருக்கு மேல பார்த்தாங்க. கட்டைவிரல் எமோஜி வரிசையா வந்துச்சு, ரெண்டு பேர் ‘தேங்க்ஸ்டா’ போட்டாங்க. ஆறு நாள் கழிச்சு காசிமேட்டிலிருந்து ஒரு வாய்ஸ் நோட்: “டேய், ரெண்டாவது லைன்ல மைனஸே இல்ல. மூணாவது லைன்ல எங்கேருந்துடா வந்துச்சு?”

எங்கேருந்து வந்துச்சுன்னா, புத்தகத்தோட கடைசிப் பக்கத்து விடையிலிருந்து வந்துச்சு! காஸை டிஃபரன்ஷியேட் பண்ணா மைனஸ் சைன் வரும் என்பதையே நான் விட்டுட்டேன். விடை ஒத்து வரணுமேன்னு கடைசி லைனில் மைனஸைச் சொருகிட்டேன். எனக்கே புரியாம எழுதியிருந்தேன் என்பது அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. நேரடி வகுப்பில் உட்கார்ந்திருந்த நாற்பது பேரில் ஒருத்தரும் கேட்கல. ஆறு நாள் தாமதமாக, கடல் வழியா பாடம் கிடைச்ச ஒருத்தன் கேட்டான்.

ஆன்லைன் கல்வி பத்திப் பேசினாலே எந்த ஆப், எந்த கேமரா, எத்தனை ஜிபின்னுதான் பேச்சு போகுது. நான் பார்த்த வரைக்கும் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: படிக்கிறவனோட சந்தேகம் திரும்பி வர வழி இருக்கா?

இது இன்னிக்கு நேத்து பிரச்சனை இல்லை. 1975 ஆகஸ்டில் நம்ம நாடு அமெரிக்காவோட ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை ஒரு வருஷத்துக்கு வாங்கிப் பயன்படுத்தி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டிவி மூலம் பாடம் ஒளிபரப்பியது. சைட் என்று அந்தத் திட்டத்துக்குப் பேர். அந்தக் காலத்துக்கு அது பிரமாண்டம். ஆனா கிராமத்துப் பிள்ளை டிவியைப் பார்த்து “சார், ஒரு டவுட்”னு சொல்ல முடியாது. அப்புறம் 2004 செப்டம்பர் 20 அன்னிக்கு, எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு ஏரியைத் தாண்டி இருக்கிற ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எடுசாட் கிளம்பிச்சு. படிப்புக்காகவே இந்தியா விட்ட முதல் செயற்கைக்கோள். இதில் ரெண்டு வகை டெர்மினல் உண்டு. ஒண்ணு பாடத்தை வாங்க மட்டும், இன்னொண்ணு திரும்பிப் பேசவும். இஸ்ரோ கணக்குப்படி எடுசாட் இணைச்ச 56,164 இடங்களில் திரும்பிப் பேசக்கூடியவை 4,943. நூற்றுக்கு ஒன்பதுகூட வரல. காரணம் ரொம்ப சிம்பிள். கேட்கிற கருவி மலிவு. பேசுகிற கருவிக்கு டிரான்ஸ்மிட்டர் வேணும், பவர் வேணும், அலைவரிசையில் இடம் வேணும். காசு வேணும்.

நம்ம மாநிலத்தில் 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி ஆரம்பிச்சாங்க. அப்போ கொரோனா பத்தி யாருக்கும் தெரியாது. ஆனா 2020 ஜூலையிலிருந்து போன் இல்லாத வீடுகளுக்கு அதுதான் ஸ்கூல். என் தம்பி அதில்தான் படிச்சான். பாடம் நல்லாவே இருந்துச்சு. அவன் டிவியைப் பார்த்து “மிஸ், இன்னொரு வாட்டி சொல்லுங்க”ன்னு கத்துவான், வீடே சிரிக்கும். 2021 அக்டோபரில் அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைக் கொண்டு வந்துச்சு. சாயங்காலத்தில் தன்னார்வலர் ஒருத்தர், அவரைச் சுத்தி இருபது பிள்ளைங்க வரைக்கும், தெருவிலோ வீட்டுத் திண்ணையிலோ. கை தூக்கினா தெரியிற தூரம். ஒன்றரை வருஷம் திரையைப் பார்த்த பிறகு அந்தத் தூரத்துக்கே திரும்பி வந்தோம் என்பதைக் கவனிங்க.

சரி, நம்ம கையில் இருக்கிற போன் இந்த ரெண்டு வழியையும் தருது. பேசவும் முடியும், கேட்கவும் முடியும். அப்புறம் ஏன் ஓடலை? இங்கே கொஞ்சம் இன்ஜினியரிங் பேசணும்.

வீடியோ மீட்டிங்கில் ஓடுகிற குரலும் படமும் பெரும்பாலும் யுடிபியில் போகுது. வழியில் ஒரு பாக்கெட் தொலைஞ்சா தொலைஞ்சதுதான், திரும்ப அனுப்பாது. அனுப்பினாலும் பிரயோஜனம் இல்லை, அதுக்குள்ள சார் அடுத்த வாக்கியத்துக்குப் போயிருப்பார். மகளிர் பிரசவத்துக்குப் பேர் போன ஆர்எஸ்ஆர்எம் ஆஸ்பத்திரி பக்கமாகட்டும், கல்மண்டபத்து சந்துகளாகட்டும், ஒண்டிக்குடித்தன வீட்டுக்குள்ள ஒரு கோடு சிக்னல் வந்தாலே பெரிசு. “லாம்டா ஈக்குவல்ஸ்…” என்று கேட்கும், எதுக்கு ஈக்குவல்னு கேட்காது. அந்த ஒரு சொல் இல்லாம மிச்ச அரை மணி நேரமும் வீண். வாய்ஸ் நோட் அப்படி இல்லை. அது டிசிபியில் போகுது. தொலைஞ்ச பாக்கெட்டைத் திரும்பக் கேட்டு வாங்கி, வரிசைப்படுத்தி, முழுசாத்தான் தரும். லேட்டா வரும், ஆனா குறையில்லாம வரும். போன் ஆஃப் ஆகியிருந்தா சர்வரிலேயே 30 நாள் வரை காத்திருக்கும். எந்த லாஞ்சும் அவ்வளவு நாள் கடலில் நிக்கறதில்லை.

டேட்டா கணக்கும் போட்டுப் பாருங்க. வீடியோ வகுப்புக்கு விநாடிக்கு 1 மெகாபிட்னு வைங்க. ஒரு மணி நேரத்துக்கு 3,600 மெகாபிட், எட்டால வகுத்தா 450 எம்பி. அஞ்சு பீரியடுக்கு 2.25 ஜிபி. 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நம்ம அரசு கல்லூரி மாணவர்கள் 9 லட்சத்து 69 ஆயிரம் பேருக்கு தினம் 2 ஜிபி டேட்டா கார்டு இலவசமாகத் தந்துச்சு, ஞாபகம் இருக்கா? நல்ல திட்டம்தான். ஆனா முழு நாள் வீடியோ வகுப்புக்கு அதுவே பத்தாது. குரலோ வேற கதை. வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் ஓபஸ் என்கிற கோடெக்கில் சுருங்குது. 2012-இல் தரப்படுத்தப்பட்டது. விநாடிக்கு 6 கிலோபிட்டிலிருந்து வேலை செய்யும். 16 கிலோபிட்னு வெச்சாகூட ஒரு நிமிஷக் குரலுக்கு 120 கேபிதான். ஒரு மணி நேர வீடியோ தின்கிற டேட்டாவில் அறுபது மணி நேரத்துக்கு மேல குரல் அனுப்பலாம்!

இவ்வளவும் தெரிஞ்ச நானே தேர்ட் இயரில் எம்-1 குரூப் ஆரம்பிச்சப்போ என்ன பண்ணேன்? தினம் ராத்திரி எட்டு மணிக்கு கூகுள் மீட். இலவசக் கணக்கில் ஒரு மணி நேரம்தான் ஓடும், அதுவரைக்கும் நானே பேசுவேன். 34 பேர். 34 கேமராவும் ஆஃப். நடுநடுவுல “புரியுதாப்பா?” என்பேன். சாட்டில் ‘எஸ் அண்ணா’, ‘எஸ் அண்ணா’ன்னு கொட்டும். எனக்குப் பெருமை தாங்கல. ரெண்டு வாரம் கழிச்சு ஒரே ஒரு மூணுக்கு மூணு மேட்ரிக்ஸ் கொடுத்து ஐகன் வெக்டர் கண்டுபிடிச்சு அனுப்பச் சொன்னேன். 11 பேர் அனுப்பினாங்க. அதிலும் ஏழு பேருடையது ஒரே ஆளோட நோட்டைப் பார்த்து எழுதினது, தப்பு உட்பட!

அன்னிக்கு ராத்திரி காசிமேட்டு மைனஸ்தான் ஞாபகம் வந்துச்சு. ‘எஸ் அண்ணா’ என்பது பதில் இல்லை. சீக்கிரம் முடிச்சு விடுங்க அண்ணான்னு அர்த்தம்.

அதுக்கப்புறம் மொத்தமா மாத்தினோம். லெக்சரை விட்டுட்டோம். ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-இல் ஆரம்பிச்ச என்பிடெலில் நம்ம சிலபஸ் கணக்குக்கு மணிக்கணக்கில் வீடியோ இருக்கு. அவங்களைவிட நல்லா நான் நடத்தப் போறதில்லை. எந்த வீடியோ, எத்தனையாவது நிமிஷத்திலிருந்து எத்தனையாவது நிமிஷம் வரைன்னு மட்டும் சொல்லுவோம். எங்க வேலை அதுக்கு அப்புறம் ஆரம்பிக்குது.

ஒரு ராத்திரிக்கு ஒரே ஒரு கணக்கு. வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனாவால எழுதி, ஒவ்வொரு லைனுக்கும் நம்பர் போட்டு போட்டோ. பென்சிலில் எழுதாதீங்க, வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது மைனஸ்தான் முதல்ல காணாமப் போகும் (எனக்கும் மைனஸுக்கும் ஏதோ ஜென்மப் பகை). எழுத்து பொடியா இருந்தா டாக்குமென்ட்டாக அனுப்புங்க, சுருங்காது. கூட நாலு நிமிஷத்துக்குள்ள ஒரு வாய்ஸ் நோட். “இதிலிருந்து இது வருது”ன்னு சொல்லாதீங்க. கேட்கிறவங்களுக்கு உங்க விரல் தெரியாது. “மூணாவது லைனைப் பாருங்க”ன்னு சொல்லுங்க. அனுப்பும்போது மேல ஒரு வரி தலைப்பு டைப் பண்ணுங்க. குரலுக்குள்ள தேட முடியாது. பரீட்சைக்கு முந்தின ராத்திரி உங்களைத் திட்டிக்கிட்டே ஸ்க்ரோல் பண்ணுவாங்க.

முக்கியமானது திரும்பி வரவேண்டியது. “புரியுதா?” என்ற கேள்வியைத் தடை பண்ணிட்டோம். அதுக்குப் பதிலா “எந்த லைன்ல நின்னீங்க?” அதே மாதிரி இன்னொரு கணக்கைப் போட்டு, நின்ன இடத்தில் ஒரு வட்டம் போட்டு போட்டோ அனுப்பணும். முழுசாப் போட்டவங்களும் எந்த லைனில் சந்தேகமா இருந்துச்சோ அங்கே வட்டம் போடணும். மார்க் கிடையாது. மறுநாள் ராத்திரி பேர் சொல்லாம “நேத்து ஒன்பது பேர் நாலாவது லைன்ல நின்னோம்”னு ஆரம்பிப்பேன். இந்த ஒரு வாக்கியம் பண்ணின வேலையை நான் எதிர்பார்க்கல. தான் மட்டும்தான் முட்டாள்னு நினைச்சுக்கிட்டிருந்த எட்டு பேருக்கு அன்னிக்குத் தூக்கம் வந்திருக்கும்.

இன்னொரு விஷயம் எழுதத் தயக்கமாத்தான் இருக்கு, ஆனாலும் எழுதணும். சாதாரண வாட்ஸ்அப் குரூப்பில் எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். முதல் குரூப்பில் ஒரு பொண்ணுக்கு யாரோ ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ‘ஹாய்’ போட ஆரம்பிச்சிருக்கான். அவங்க யார்கிட்டயும் சொல்லல, குரூப்பை விட்டு வெளியே போயிட்டாங்க. எனக்கு மூணு மாசம் கழிச்சு வேற ஒருத்தர் சொல்லித்தான் தெரியும். அட்மின் நான்தான். என் தப்புதான். இப்போ வாட்ஸ்அப் கம்யூனிட்டியோட அறிவிப்புக் குரூப்பில் நடத்துறோம். அதில் மத்த உறுப்பினர்களோட நம்பர் ஒருத்தருக்கொருத்தர் தெரியாது. அதிலும் கேட்கக் கூச்சப்படுறவங்களுக்கு ஒரு கூகுள் ஃபார்ம். மெயில் ஐடி சேகரிக்கிற ஆப்ஷனை ஆஃப் பண்ணி வெச்சுடுங்க. பேர் இல்லாமதான் நல்ல கேள்விகள் வருது.

நேரடி மீட்டிங்கை முழுசா விட்டுடலை. ஞாயிற்றுக்கிழமை, அஞ்சு அஞ்சு பேரா, இருபது நிமிஷம். வாரம் முழுக்க வந்த வட்டங்களை வெச்சுத்தான் பேச்சு. அஞ்சு பேர் இருந்தா அமைதியா இருக்க முடியாது, அதுதான் ரகசியம். இன்ஜினியரிங் கிராஃபிக்ஸுக்கு மட்டும் வாய்ஸ் நோட் உதவாது, கை நகருவதைப் பார்த்தே ஆகணும். ரெண்டு எவர்சில்வர் டப்பா, மேல குறுக்கே ஒரு ஸ்கேல், அதில் போனைக் கவிழ்த்து வெச்சா டிராயிங் ஷீட் முழுசாத் தெரியும். அம்மா டப்பா தேடும்போது மாட்டிக்குவீங்க, அது உங்க பாடு.

வேலை ஜாஸ்தியான்னு கேட்டா, ஜாஸ்திதான். ஒரு மணி நேரம் தனியாப் பேசிட்டுப் போறது எவ்வளவோ சுலபம். முப்பது வட்டத்தைப் பார்த்துப் பதில் சொல்ல ராத்திரி பதினொண்ணரை ஆயிடும். தனியா செய்யாதீங்க, மூணு பேரா பிரிச்சுக்கங்க. செமஸ்டர் நேரத்தில் ரெண்டு வாரம் நிறுத்திடுங்க. நான் நிறுத்தாம போன தடவை என் ஜிபிஏ அடி வாங்குச்சு.

காசிமேட்டு நண்பன் 2022-இல் பன்னிரண்டாவது பாஸ் பண்ணான். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடிச்சு, இப்போ லாஞ்சு இன்ஜின் வேலை பார்க்கிறான். இப்பவும் என் வாய்ஸ் நோட்டுக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான் பதில் போடுவான். இப்போ சிக்னல் காரணம் இல்லை, திமிர்!

கடைசியா ஒண்ணு. போன வருஷக் குரூப்பில் திருவொற்றியூரிலிருந்து வர ஒரு ஜூனியர். மீட் நடந்த காலம் முழுக்க ‘எஸ் அண்ணா’கூடப் போடாதவங்க. முதல் செமஸ்டர் எம்-1 அரியர். ஸ்டாண்டிங் அரியர் இருந்தா பல கம்பெனிகள் இன்டர்வியூவுக்கே உட்கார விடாது, உங்களுக்கே தெரியும். வீட்டில் “படிச்சது போதும்” என்ற பேச்சும் ஆரம்பிச்சிருந்ததா அப்புறம் தெரிஞ்சுது. ஒரு நாள் ராத்திரி 11.40-க்கு அவங்ககிட்டேருந்து ஒன்பது விநாடி வாய்ஸ் நோட். பின்னாடி குக்கர் விசில், யாரோ டிவி பார்க்கிற சத்தம். மெதுவான குரலில்: “அண்ணா, ஐகன் வெக்டர் ஜீரோவா இருக்கக் கூடாதுன்னு சொல்றீங்க. ஐகன் வேல்யூ மட்டும் ஜீரோவா இருக்கலாமா? ஏன் அப்படி?”

ரெண்டு வருஷமா சொல்லிக் கொடுக்கிறேன், யாரும் இதைக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கிட்டதில்லை. உடனே பதில் தெரியல. “நாளைக்குச் சொல்றேம்மா”ன்னு போட்டுட்டு, தாளை எடுத்து உட்கார்ந்தேன். ஜீரோ வெக்டரைப் போட்டா எந்த மேட்ரிக்ஸாக இருந்தாலும், எந்த லாம்டாவாக இருந்தாலும், ரெண்டு பக்கமும் ஜீரோதான் வரும். அப்போ உலகத்தில் இருக்கிற எல்லா எண்ணும் ஐகன் வேல்யூ ஆயிடும், அந்தச் சொல்லுக்கே அர்த்தம் இருக்காது. ஐகன் வேல்யூ ஜீரோவாக இருந்தா கதை வேற. ஜீரோ இல்லாத ஏதோ ஒரு வெக்டரை அந்த மேட்ரிக்ஸ் நசுக்கி ஜீரோவாக்குதுன்னு அர்த்தம். அதாவது டிட்டர்மினன்ட் ஜீரோ, இன்வர்ஸ் கிடையாது.

காலையில் காலேஜ் பஸ்ஸில் உட்கார்ந்தே மூணு நிமிஷ வாய்ஸ் நோட் அனுப்பினேன். சாயங்காலம் ஒரு போட்டோ வந்துச்சு. கணக்கு முழுசாப் போட்டிருந்தாங்க. அஞ்சாவது லைனில் ஒரு வட்டம். அரியர் பரீட்சை இந்த மாசம் எழுதியிருக்காங்க, ரிசல்ட் இன்னும் வரல.